கொழுந்து நிறுவையில் கிலோ குறைகிறதா? ஆபீசுக்குப் போகுமுன்

தேயிலைத் தோட்டத்தில் நிறுவைத் தகராறு வந்தால் முதலில் மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) சத்தம்தான் எழும். நிறுவையில் எத்தனை கிலோ கழிப்பது என்று தீர்மானிப்பது தோட்ட நிர்வாகம்; நிறுவையைப் பதியும் கணக்கப்பிள்ளையிடம் கத்தினால் கத்தியவர் பெயர் மட்டும் ஆபீசுக்குப் போய்ச் சேரும். கிலோ வராது.

ஒரு கொப்பி வாங்குங்கள். வெவ்வேறு மலைகளில் (தோட்டத்தின் தேயிலைப் பகுதிகளில்) கொழுந்தெடுக்கும் ஐந்தாறு பெண்களின் நிறுவையை 14 வேலை நாட்களுக்கு எழுதுங்கள். ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு வரி: திகதி, மலை இலக்கம், தராசு காட்டியது, கழித்தது, பதிந்தது, மழையா வெயிலா. கடைசி விபரத்தை விட்டுவிடாதீர்கள். ஈரக் கொழுந்தில் தண்ணீருக்குக் கழிப்பதாக நிர்வாகம் சொல்லும், அதில் நியாயமும் உண்டு. வெயில் நாளிலும் அதே கழிவு என்று கொப்பி காட்டினால்தான் பேச இடமுண்டு. நாளுக்கு மூன்று நிறுவை, தடவைக்கு 1 கிலோ கூடுதலாகக் கழிந்தால் 14 நாளில் ஓர் ஆளுக்கு 42 கிலோ. இந்தக் கணக்கைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

தராசையும் பாருங்கள். வெறும் கொக்கியில் முள் பூச்சியத்தில் நிற்கிறதா? பிரிக்காத 10 கிலோ அரிசிப் பை ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்த்து, பிறகு அதே போன்ற இன்னொரு பையையும் சேர்த்துத் தொங்கவிடுங்கள். 10இல் சரியாக இருக்கும் தராசு 20இல் பிசகலாம். கணக்கப்பிள்ளையை வைத்துக்கொண்டே செய்யுங்கள். களவாகச் செய்த சோதனை சாட்சியாகாது.

துரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம், பேசப் போவது மூன்று பேர் போதும். ஒருவர் பேச, ஒருவர் எழுத, மூன்றாவது ஆள் கட்டாயம் கொழுந்தெடுக்கும் பெண்; மலையில் நடப்பதைத் துரை கேட்டால் அவர்தான் சொல்ல முடியும். பேசுபவரைத் தேட ஒரு வழி: தோட்டத்துத் தொழிற்சங்கக் கமிட்டிக் கூட்டத்தில் கொப்பியைக் கொடுத்து, “நேற்று எவ்வளவு போனது?” என்று கேளுங்கள். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாய் திறப்பவரை அனுப்புங்கள். உரத்த குரல்காரரை ஒதுக்கவும் வேண்டாம். பிரட்டில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) ஆட்களைக் கூட்ட அவரைப் போல யாரும் வரமாட்டார்கள்.

துரைக்குக் கொடுக்கும் கடிதத்தில் ஒரே கோரிக்கை, நிறுவை மட்டும். கூரை, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் சேர்த்தால் நிர்வாகம் குழாயைத் திருத்திவிட்டு நிறுவையை மறந்துவிடும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். துரை “பார்ப்போம்” என்றால், “எந்தத் திகதிக்குள், ஐயா?” என்று மட்டும் கேட்டு, சொன்னதை அவர் முன்னாலேயே எழுதுங்கள். அந்தத் திகதி கடந்தால் கொப்பி, கடிதப் பிரதி, சம்பளத் துண்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு சங்கக் காரியாலயத்துக்கோ தொழில் திணைக்களக் காரியாலயத்துக்கோ போங்கள். மூலக் கொப்பியை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.