ஃபேன் சுற்றுது, டிஸ்ப்ளே வரலையா? போர்டு வாங்கப் போகும் முன் இதைச் செய்யுங்கள்

கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அமுக்கினால் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் ‘போர்டு (மதர்போர்டு) போச்சு’ என்ற பதில் சீக்கிரமே வந்துவிடும். போயிருக்கவும் கூடும். ஆனால் ரேம் (தற்காலிக நினைவகம்), எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் தரும் பெட்டி), பட்டன் செல், ஏன் ஒரு கேபிள் கெட்டாலும் இதே அறிகுறிதான். அதனால் செலவே இல்லாத சோதனையில் தொடங்குவோம்.

தேவையானவை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பர், சுத்தமான பெயின்ட் பிரஷ், சிஆர்2032 பட்டன் செல், ஒரு மல்டிமீட்டர். கூடவே போர்டில் ‘ஸ்பீக்கர்’ என்று குறித்த முட்களில் செருகும் குட்டி பஸ்ஸர் ஒன்று. விலை அற்பம்; இந்த வேலையில் இதைவிட உபயோகமான சாமான் கிடையாது.

1. கேபிளைப் பாருங்கள்

தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில் இருக்க வேண்டும், போர்டில் அல்ல. உங்கள் பிராசஸர் பெயர் ஐ5-12400எஃப் மாதிரி ‘எஃப்’ என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு கெட்டால் போர்டின் எச்டிஎம்ஐ துளையில் என்ன செருகினாலும் படம் வராது. இது தெரியாமல் நல்ல போர்டை மாற்றியவர்கள் உண்டு.

2. கரண்டை முழுசாக வடியுங்கள்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை 15 விநாடி அமுக்கிப் பிடியுங்கள். கப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடியும். கேபினட்டைத் திறந்து, உள்ளே கை வைக்கும் முன் அதன் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். தூசியைப் பிரஷால் தட்டும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிராசஸர் பக்கத்தில் 4 அல்லது 8 முள்ளுள்ள தனி 12 வோல்ட் கனெக்டர் இருக்கும். அது கழன்றிருந்தாலும் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது.

3. ரேம்: இங்கே அவசரப்படாதீர்கள்

பெரும்பாலும் தீர்வு கிடைக்கும் இடம் இதுதான். ரேமின் அடியில் உள்ள தங்கநிறப் பட்டைகளில் ஈரக்காற்றும் தூசியும் சேர்ந்து மெல்லிய படலம் படிகிறது. ரேம் செருகும் ஸ்லாட்டோடு தொடர்பு அறுந்துபோகிறது. இரண்டு ஓரக் கிளிப்பையும் விரித்து ரேமை எடுங்கள். பட்டைகளை ரப்பரால் ஒரே திசையில், லேசாக, ஐந்தாறு முறை தேயுங்கள். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம். முலாம் மிக மெல்லியது, உரிந்துவிடும். தேய்ப்பதைப் போர்டுக்கு மேல் வைத்துச் செய்யாதீர்கள். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் இல்லாத கோளாறை நாமே உண்டாக்கிவிடுவோம்.

திரும்பச் செருகும் முன் பஸ்ஸரை மாட்டி, ரேமே இல்லாமல் ஒரு முறை ஆன் செய்யுங்கள். ‘பீப் பீப்’ என்று கத்தினால் நல்ல செய்தி: பிராசஸருக்கும் போர்டுக்கும் உயிர் இருக்கிறது, ரேம் இல்லை என்று சொல்லத் தெரிகிறது. சத்தமே இல்லையென்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ், பிராசஸர், போர்டு பக்கம் நகர்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரே ஒரு ரேமை, அதன் அடியிலுள்ள வெட்டு ஸ்லாட்டோடு பொருந்தும்படி, இரு பக்கமும் ‘க்ளிக்’ கேட்கும்வரை அழுத்துங்கள். புதியவர்கள் பயந்து பாதியில் நிறுத்திவிடுவார்கள். கொஞ்சம் பலம் வேண்டும். இரண்டு ரேம், இரண்டு ஸ்லாட் என்றால் நான்கு முறை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்த ஸ்லாட்டிலும் வராத ரேம்தான் கெட்ட ரேம். டிடிஆர்5 (புதிய ரக ரேம்) போர்டு என்றால் ரேமை மாற்றியபின் முதல் முறை திரை வரச் சில நிமிடம்கூட ஆகலாம், பொறுத்திருங்கள். 2025 இறுதியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை எகிறியது, ஆகவே சோதிக்காமல் எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

4. பட்டன் செல்

போர்டில் இருக்கும் பழைய செல்லை அளந்தால் 3 வோல்ட் சுற்றில் இருக்க வேண்டும். 2.7க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். பிளக் பிடுங்கிய நிலையில் ஐந்து நிமிடம் செல்லை வெளியே வைத்தால், பல போர்டுகளில் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் மென்பொருள்) அமைப்பும் பழைய நிலைக்குத் திரும்பும்.

5. எஸ்எம்பிஎஸ்

24 முள் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சை வயர் முள்ளையும் ஏதாவது ஒரு கறுப்பு வயர் முள்ளையும் ஜெம் கிளிப்பால் இணைத்து, அதற்குப் பிறகு பிளக்கில் கரண்ட் கொடுங்கள். பெரும்பாலான எஸ்எம்பிஎஸ்களில் ஃபேன் சுற்றும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு வயரில் பிடித்து அளந்தால்: மஞ்சள் 11.4 முதல் 12.6, சிவப்பு 4.75 முதல் 5.25, ஆரஞ்சு 3.14 முதல் 3.46. உங்கள் யூனிட்டில் எல்லா வயரும் கறுப்பு என்றால் ஊகித்து எதையும் இணைக்காதீர்கள்.

சுமையில்லாமல் சரியாகக் காட்டும் எஸ்எம்பிஎஸ், போர்டை மாட்டியதும் படுத்துவிடலாம். தெரிந்தவரிடம் நன்றாக ஓடும் ஒன்றை ஒரு மணி நேரம் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே சுமார் 325 வோல்ட் டிசியாக மாறி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கப்பாசிட்டரில் நிற்கும்.

6. இதற்கும் மசியவில்லை என்றால்

பிராசஸரைச் சுற்றியுள்ள உருளைக் கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உப்பியிருந்தால் அதை மட்டும் மாற்றித் தரும் மெக்கானிக்கைத் தேடுங்கள், புதுப் போர்டைவிட மலிவு.

போர்டுதான் வாங்க வேண்டும் என்று முடிவானால், சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எச்110 போர்டும் எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸரும் ஒரே 1151 சாக்கெட்தான். ஆனால் அந்தப் போர்டு ஆறு, ஏழாம் தலைமுறைக்கானது, எட்டு அதில் ஓடாது. சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பழைய போர்டு எடுத்தால், சாக்கெட் மூடியைத் திறந்து முள் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பிராசஸரையும் ரேமையும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டி பயாஸ் திரை வந்த பிறகு காசைக் கொடுங்கள்.

விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் வசதி) பூட்டு இருந்தால், புதுப் போர்டில் பழைய டிஸ்க்கை மாட்டியதும் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போனில் உள்நுழைந்து முதலிலேயே எழுதி வைத்துவிட்டு டிஸ்க்கை மாட்டுங்கள்.