40 மீட்டர் அலைப்பட்டைக்கான கம்பி வளைய ஆன்டெனாவுக்கு 75 ஓம் கேபிள்

அமெச்சூர் வானொலியின் 40 மீட்டர் அலைப்பட்டையில் 7.1 மெகாஹெர்ட்ஸுக்காக நான் கட்டிய முக்கோண முழு அலை வளைய ஆன்டெனா (கம்பியின் நீளம் ஓர் அலைநீளம்), 306-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் நீளம் மீட்டரில் கிடைக்கும் என்ற வழக்கமான கணக்குப்படி, 43 மீட்டராக இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு உறையில்லாக் கம்பிக்கானது. நான் கட்டியதோ வீட்டு வயரிங்குக்கான பி.வி.சி. உறையிட்ட செம்புக் கம்பி என்பதால், ஒத்ததிர்வு (ஆன்டெனா இயல்பாக இசையும் அதிர்வெண்) 6.9 மெகாஹெர்ட்ஸ் அருகே இறங்கியிருந்தது. கேபிள் வந்து சேரும் இணைப்பு முனையில் கம்பியைச் சிறிது சிறிதாகக் குறைத்ததும் அது சரியாயிற்று.

அதன் பிறகும் எஸ்.டபிள்யூ.ஆர். (கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் நிலையலை விகிதம்; 1 என்றால் முழுப் பொருத்தம்) 2-க்குக் கீழே வரவில்லை. முழு அலை வளையத்தின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) ஏறத்தாழ 100 முதல் 120 ஓம் வரை இருப்பதால், 50 ஓம் கேபிளை நேரடியாக இணைத்தால் அப்படித்தான் காட்டும். இடையில் கால் அலை நீளத்துக்கு 75 ஓம் கேபிளைச் சேர்ப்பதே தீர்வு. 75-ஐ 75-ஆல் பெருக்கி, வளையத்தின் மின்மறுப்பை 112 என்று கொண்டு அதனால் வகுத்துப் பாருங்கள், 50 ஓம் கேபிளுக்குப் பொருந்தும்படி 50 வரும். கேபிளின் வேகக் காரணியை (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் கேபிளில் அலை செல்லும் வேகத்தின் விகிதம்) இங்கே மறக்கக்கூடாது: திட பாலிஎத்திலீன் கேபிளுக்கு 0.66 என்பதால் சுமார் 7 மீட்டர் போதும். நுரை நிரப்பிய டிவி கேபிளுக்கோ 8.5 மீட்டருக்கு மேல் தேவைப்படும். டிவி கேபிளின் அலுமினியப் பின்னலில் ஈயப்பற்று ஒட்டாது என்பதால், அழுத்திப் பொருத்தும் கனெக்டரையே பயன்படுத்தினேன்.

ஒலிபரப்பும்போது கணினி ஸ்பீக்கர் உறுமியதற்குக் காரணம், கேபிளின் உலோகப் பின்னலின் வெளிப்புறத்தில் ஓடிய மின்னோட்டம். இணைப்பு முனைக்கு அருகே கேபிளை ஃபெரைட் வளையத்தில் பல சுற்றுகள் சுற்றியதும் உறுமல் நின்றது.