தெரிந்த செய்தியிலிருந்து தொடங்குங்கள்: வானொலி வழியே ஆங்கிலம் கேட்கவும் பேசவும் பழகும் முறை

இராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி எனக் கடலோரமாக நீளும் நம் ஊர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டியாவது படிக்க வரும். ஆனால் வங்காளத்திலிருந்து வந்த யாத்திரிகர் ஒருவர் அக்னி தீர்த்தக் கரையில் ஆங்கிலத்தில் ஏதேனும் கேட்டால், அல்லது துபாயிலுள்ள நிறுவனம் ஒன்று கீழக்கரை இளைஞரைத் தொலைபேசியில் நேர்காணல் செய்தால், அதே ஆங்கிலம் பிடிபடாமல் நழுவிவிடுகிறது. பாடப்புத்தகம் அந்த மொழியைக் கண்ணுக்குப் பழக்கியது. காதுக்கும் வாய்க்கும் பழக்குவதற்கு வகுப்பறையில் நேரம் கிடைக்கவில்லை. அந்தக் குறையைச் செலவில்லாமல் போக்கிக்கொள்ள வானொலிச் செய்தி அறிக்கை மிக நல்ல துணை என்பது என் உறுதியான கருத்து. நாள்தோறும் குறித்த நேரத்தில், தெளிவான குரலில், முழு வாக்கியங்களில், பழகிய சொற்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வாசிக்கப்படும் பேச்சு வேறெங்கும் இவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

ஆயினும் இவ்வாறு தொடங்கும் பலர் சில நாள்களிலேயே விட்டுவிடுகிறார்கள். தமிழில் சொன்னாலே விளங்காத வெளிநாட்டுத் தேர்தலையும் பங்குச்சந்தையையும் ஆங்கிலத்தில் கேட்டு, ஒன்றும் புரியவில்லை என்று மனம் சோர்ந்துபோவதே அதற்குப் பெரும்பாலும் காரணம். புதிய செய்தியையும் புதிய ஒலியையும் ஒரே நேரத்தில் பிடிப்பது தொடக்கநிலையில் உள்ள எவருக்கும் கடினம். ஆகவே இந்த விளக்கம் முழுவதும் ஒரே விதியை வைத்து எழுதப்பட்டிருக்கிறது: தமிழில் நீங்கள் ஏற்கெனவே அறிந்த செய்தியை மட்டுமே தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கேளுங்கள். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அப்படி ஒரு செய்தி எப்போதும் கைவசம் உண்டு. வாடையும் கொண்டலும் கச்சானும் எப்போது வீசும், எந்தக் காற்றில் படகை இறக்கலாம், பாம்பனில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்ற பேச்சுகளுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்குக் கடல் வானிலைச் செய்தியைவிட நல்ல முதல் பாடம் இல்லை.

முதல் படி: ஒரே ஒரு செய்தி அறிக்கையைத் தேர்ந்தெடுத்தல்

ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தி அறிக்கையிலிருந்து தொடங்குமாறு பரிந்துரைக்கிறேன். காலை 8.15 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஒலிபரப்பாகும் 15 நிமிட அறிக்கைகளே போதுமானவை. நியூஸ் ஆன் ஏர் செயலியிலும் அவற்றைக் கேட்கலாம். முதலில் தலைப்புச் செய்திகள், பின்பு விரிவான செய்திகள், இறுதியில் மீண்டும் தலைப்புச் செய்திகள் என்பது அவற்றின் அமைப்பு. ஒரு முக்கியச் செய்தி ஒரே அறிக்கைக்குள் மூன்று முறை காதில் விழுகிறது. வாசிப்பவர்களின் உச்சரிப்பு இந்தியருடையது என்பதால் ஊர்ப்பெயர்களும் ஆள்பெயர்களும் சிரமமின்றிப் புரியும்.

இந்த வேகம் அதிகம் என்று தோன்றினால், வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா மொழி கற்போருக்கென்றே 1959ஆம் ஆண்டு தொடங்கிய மெதுவான ஆங்கில ஒலிபரப்பின் பழைய பதிவுகளைச் சில வாரங்கள் கேட்கலாம். ஏறத்தாழ 1,500 அடிப்படைச் சொற்களைக் கொண்டு, குறுகிய வாக்கியங்களில், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் வாசிக்கப்பட்டவை அவை. தொலைக்காட்சி விவாதங்களை மட்டும் இப்போதைக்குத் தொடவே வேண்டாம். நால்வர் ஒரே நேரத்தில் உரத்துப் பேசுவதிலிருந்து தொடக்கநிலையாளர் கற்கக்கூடியது எதுவும் இல்லை.

தனுஷ்கோடிப் பக்கமும் கடலிலும் கைப்பேசி இணைப்பை நம்ப முடியாது என்பதால், வீட்டில் இணைப்பு நன்றாக இருக்கும்போதே ஒலிப்பதிவைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: முதலில் தமிழில் கேட்டல்

ஆங்கில அறிக்கைக்கு முன் அன்றைய செய்தியைத் தமிழில் கேட்டுவிடுங்கள். ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி, பாம்பனிலிருந்து மீனவர்களுக்காக ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 பண்பலை, நாளிதழ் என எது உங்களுக்கு வழக்கமோ அது போதும். காது கொடுத்துக் கேட்பது இந்தக் கரைக்குப் புதிய பழக்கமும் இல்லை. 1925ஆம் ஆண்டு கொழும்பில் தொடங்கிய வானொலி, பின்னாளில் இலங்கை வானொலியாக, நம் தாத்தா பாட்டி காலத்து வீடுகளில் தெளிவாக ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தக் கவனத்தை இப்போது இன்னொரு மொழியின் பக்கம் திருப்புகிறோம்.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தன் அறிக்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது மிகுந்த பயன் தரும். தமிழில், “மன்னார் வளைகுடா மற்றும் அதனை ஒட்டிய குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்” என்று வருவது, ஆங்கிலத்தில், “ஸ்ட்ராங் விண்ட் வித் ஸ்பீட் ரீச்சிங் ஃபார்ட்டிஃபைவ் டு ஃபிஃப்டிஃபைவ் கேஎம்பிஹெச், கஸ்டிங் டு சிக்ஸ்டிஃபைவ், இஸ் லைக்லி டு ப்ரிவெய்ல் ஓவர் கல்ஃப் ஆஃப் மன்னார் அண்ட் அட்ஜாய்னிங் காமரின் ஏரியா” என்ற வடிவில் வரும். தொடர்ந்து, “ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்ட் நாட் டு வென்ச்சர் இன்டு தீஸ் ஏரியாஸ்” என்ற எச்சரிக்கை வரும். மழைக்காலத்தில் எண்ணும் கடற்பகுதியின் பெயரும் மாறுமே தவிர, வாக்கியத்தின் கட்டமைப்பு பெரும்பாலும் மாறாது. ஒரே கட்டமைப்பைப் பல நாள் கேட்கும்போதுதான் காது அதைத் தனித்தனிச் சொற்களாகப் பிரித்தறியத் தொடங்குகிறது.

புயல் உருவாகும் படிநிலைகளையும் இப்போதே அறிந்துகொள்ளுங்கள். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியை லோ பிரஷர் ஏரியா என்பார்கள். காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டராக இருக்கையில் அது டிப்ரஷன், அதாவது தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை டீப் டிப்ரஷன். 62 முதல் 88 வரை சைக்ளோனிக் ஸ்டார்ம். இந்த அளவுகள் தெரிந்திருந்தால் நீங்கள் சரியாகக் கேட்டீர்களா என்பதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். டீப் டிப்ரஷன் என்று காதில் விழுந்து, அதன் வேகமாக 15 என்று கேட்டதாகத் தோன்றினால், வாசிப்பவர் சொன்னது ஃபிஃப்டி என்பதும் நீங்கள் கேட்டது ஃபிஃப்டீன் என்பதும் உடனே விளங்கிவிடும்.

மூன்றாம் படி: ஒரே செய்தியை மூன்று முறை கேட்டல்

முழு அறிக்கையையும் அலசத் தேவையில்லை. தமிழில் கேட்ட ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் அது வேண்டாம்.

முதல்முறை கேட்கும்போது எழுத்து வடிவம் எதையும் பார்க்காமல், ஊர்ப்பெயர், ஆள்பெயர், எண் ஆகியவற்றை மட்டும் பிடியுங்கள். இரண்டாம் முறை, யார் என்ன செய்தார் என்பதைப் பிடியுங்கள். மூன்றாம் முறை, எழுத்து வடிவம் கிடைத்தால் அதைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். யூடியூபில் கேட்பவர்கள் முதல் இரண்டு முறையும் திரையடி எழுத்துகளை நிறுத்திவிட வேண்டும். எழுத்து தெரிந்தால் கண் படித்துவிடும், காது வேலை செய்யாது. வேகத்தை 0.75 ஆகக் குறைப்பதில் தவறில்லை, ஆனால் கடைசியாக ஒருமுறை இயல்பான வேகத்திலும் கேட்டுவிடுங்கள்.

எழுத்தில் தெரிந்த சொல்கூடக் காதில் ஏன் பிடிபடுவதில்லை என்ற கேள்வி இந்தக் கட்டத்தில் எழும். தமிழில் ஒவ்வோர் அசைக்கும் ஏறத்தாழ உரிய நேரம் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்திலோ பொருள் சுமக்கும் சொற்களில் ஓர் அசை அழுத்தமாக ஒலிக்க, இடையிலுள்ள சிறு சொற்கள் சுருங்கி அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆன், ஏரியா, ஆஃப் என்று மூன்று சொற்களாகப் படித்தது பேச்சில் ‘அனேரியவ்’ என்று ஒன்றாக வந்து விழும். எனவே எல்லாச் சொற்களையும் பிடிக்க முயலாமல், அழுத்தமாக ஒலிப்பவற்றை மட்டும் முதலில் பின்தொடருங்கள். இதே அழுத்தம்தான் எண்களைப் பிரித்துக் காட்டுகிறது: தர்ட்டீன் என்பதில் கடைசி அசை நீண்டு ஒலிக்கும், தர்ட்டி என்பதில் முதல் அசை மட்டுமே ஓங்கி நிற்கும்.

நான்காம் படி: கேட்டதை எழுதிப் பார்த்தல்

வாரத்தில் இரண்டு நாள் போதும். அரை நிமிடச் செய்தியை வாக்கியம் வாக்கியமாக நிறுத்திக் கேட்டு எழுதி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். விடுபட்டவை பெரும்பாலும் சிறு இணைப்புச் சொற்களாகவும், வினைச்சொல்லின் இறுதியில் இறந்தகாலம் காட்டும் மெல்லிய ஒலியாகவும் இருப்பதைக் காண்பீர்கள்.

ஐந்தாம் படி: வாசிப்பவரைப் பின்தொடர்ந்து உரக்கச் சொல்லுதல்

பேச்சுக்கான பயிற்சி இங்கே தொடங்குகிறது. செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே, வாசிப்பவருக்கு இரண்டு மூன்று சொற்கள் பின்னால், அவருடைய ஏற்ற இறக்கத்தோடும் நிறுத்தங்களோடும் நீங்களும் உரக்கச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். வள்ளத்தின் பின்னால் கட்டி இழுக்கப்படும் சிறு தோணி அதன் போக்கிலேயே திரும்புவதுபோல், உங்கள் நாக்கு வாசிப்பவரின் தாளத்திலேயே திரும்பட்டும். சொற்கள் விடுபட்டால் நிற்காமல் அடுத்த வாக்கியத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். மனத்துக்குள் முணுமுணுப்பது இதற்கு ஈடாகாது. வீட்டில் கூச்சமாக இருந்தால், ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் கடற்கரைக்குச் சென்று, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு குரலெடுத்துச் சொல்லுங்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகள், கேலிக்கு அஞ்சி இந்தப் படியைத் தவிர்த்துவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள். அக்காவும் தங்கையுமாக, தோழியர் இருவராகச் சேர்ந்து செய்தால் தயக்கம் விரைவில் விலகும்.

தமிழ் நாக்குக்கு இரண்டு இடங்களில் தனிக் கவனம் தேவை. மெய்யொலியில் முடியும் ஆங்கிலச் சொற்களின் இறுதியில் நாம் அறியாமலே ஓர் உகரத்தைச் சேர்த்து, போட் என்பதைப் போட்டு என்றும் பஸ் என்பதைப் பஸ்ஸு என்றும் சொல்கிறோம். அதை நிறுத்த வேண்டும். அடுத்து, ஃபிஷ் என்பதில் வரும் முதல் ஒலியை இரண்டு உதடுகளையும் மூடிச் சொல்லாமல், மேற்பற்கள் கீழுதட்டைத் தொடச் சொல்ல வேண்டும். மற்றபடி, இலண்டன்காரரைப்போல் பேச முயல வேண்டியதில்லை. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் தமிழ்ச் சாயல் மாறாத ஆங்கிலத்திலேயே நாடாளுமன்றத்திலும் வெளிநாட்டு அவைகளிலும் உரையாற்றினார். நிதானமாகவும் போதிய இடைவெளி விட்டும் பேசிய அவருடைய ஆங்கிலம் கேட்டோருக்குத் தெளிவாகப் புரிந்தது. நாம் அடைய வேண்டியது அந்தத் தெளிவே.

ஆறாம் படி: செய்தியைச் சொந்தப் பேச்சாக மாற்றுதல்

செய்தி ஆங்கிலமும் உரையாடல் ஆங்கிலமும் ஒன்றல்ல என்பதை மறக்கக் கூடாது. வாசிப்பவர், “ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்ட் நாட் டு வென்ச்சர் இன்டு த சீ” என்பதை நீங்கள் நண்பரிடம் அப்படியே ஒப்பித்தால் செயற்கையாக இருக்கும். “டோன்ட் கோ டு சீ டுடே, த விண்ட் இஸ் வெரி ஸ்ட்ராங்” என்பதுதான் பேச்சு. கேட்ட செய்தியை மூடிவைத்துவிட்டு, மூன்று எளிய வாக்கியங்களில் உங்கள் சொற்களால் சொல்லி, கைப்பேசியில் பதிவுசெய்து, திரும்பக் கேளுங்கள். பிறகு, துணைக்கு ஒருவரை அமர்த்தி, எங்கே, எப்போது, யார், ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லி விடையளியுங்கள். இந்தக் கேள்வி பதிலைத் தவிர்ப்பவர்களுக்குக் கேட்கும் திறன் வளர்ந்தாலும் பேச்சு வளராது. அந்த அளவுக்கு இதை முக்கியமாகக் கருதுகிறேன்.

இதில் கை பழகியதும் உங்கள் ஊர்ச் செய்தியை நீங்களே அறிக்கையாகச் சொல்லிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலம் நல்ல தலைப்பு: விசைப்படகுகள் கரையில் நிற்பது, வலை பழுதுபார்ப்பது, நாட்டுப்படகுகள் மட்டும் கடலுக்குச் செல்வது, மீன் விலை ஏறுவது என்று நீங்கள் கண்ணால் கண்டவை ஏராளம் இருக்கும். சொல்ல வேண்டிய செய்தி தெரிந்திருப்பதால் சொல்லும் மொழியில் மட்டும் கவனம் செலுத்தலாம்.

ஏழாம் படி: வட்டத்தை விரித்தல்

வானிலைச் செய்தி தடையின்றிப் புரியத் தொடங்கியபின், நாம் நேரில் அறிந்த வேறு நிகழ்வுகளுக்குச் செல்லலாம். 2025 ஏப்ரல் 6 அன்று பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்த புதிய பாம்பன் இரயில் பாலத்தைப் பற்றிய ஆங்கிலச் செய்திகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. 1914ஆம் ஆண்டின் பழைய பாலம் இரு பக்கமும் பிளந்து திறந்ததையும், புதிய பாலத்தின் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே மேலே உயர்வதையும் அறிந்த உங்களுக்கு, “வெர்ட்டிகல் லிஃப்ட் ஸ்பான்” என்ற தொடர் முதல்முறை கேட்கும்போதே விளங்கிவிடும். ஒரே நிகழ்வை மூன்று வெவ்வேறு அலைவரிசைகளில் கேட்டு, ஒருவர் விட்டதை மற்றவர் எவ்வாறு சொல்கிறார் என்று கவனியுங்கள்.

அதன்பின் மாதம் ஒரு புதிய துறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: முதலில் விளையாட்டு, பிறகு நலவாழ்வு, பிறகு மாநில அரசியல், கடைசியாகப் பொருளாதாரம் என்ற வரிசை எளிதாக இருக்கும். ஒவ்வொரு துறையிலும் முதல் வாரம் முழுவதும் தமிழ்ச் செய்தியைக் கேட்டபின்னரே ஆங்கிலத்துக்குச் செல்லுங்கள். இந்திய உச்சரிப்பு நன்கு பழகிவிட்டால், 1943 முதல் ஆங்கிலம் கற்பித்துவரும் பிபிசியின் ஆறு நிமிட உரையாடல் நிகழ்ச்சியைக் கேட்கத் தொடங்கலாம். அதில் இருவர் இயல்பாகப் பேசிக்கொள்வதால், ஆறாம் படியில் செய்த கேள்வி பதில் பயிற்சிக்கு அதையே மாதிரியாக வைத்துக்கொள்ள முடியும்.