வீட்டிலேயே கேம்பிங் ட்ரெய்லர்: சமையல் மேடைக்கு முன்னால் எடைக் கணக்கு

கேம்பிங் ட்ரெய்லர் கட்டப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் வரைவது சமையல் மேடை, அப்புறம் கூரைக் கூடாரம், அப்புறம் ஃப்ரிட்ஜ். வரையுங்கள், தப்பில்லை. ஆனால் வெல்டிங் மிஷினைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் தாளில் முடிந்திருக்க வேண்டும்: மொத்தம் எவ்வளவு எடை, அந்த எடை எந்தெந்த இடத்தில். கல்லும் பள்ளமுமான பாதையில் வண்டிக்குப் பின்னால் அடங்கி வருகிற ட்ரெய்லருக்கும், ஹைவேயில் எண்பதில் போகும்போது இடமும் வலமும் ஆடி முன்னால் போகிற வண்டியையே இழுத்துப் போடுகிற ட்ரெய்லருக்கும் வித்தியாசம் இதில்தான் இருக்கிறது, வெல்டிங் அழகில் இல்லை.

அதற்கும் முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை ஒன்று உண்டு, இதைத் தள்ளிப் போடாதீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்கிற விளக்கத்துக்குள்ளேயே ட்ரெய்லரும் வருகிறது, அதே சட்டத்தின் 39ஆவது பிரிவுப்படி பதிவு இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. பதிவுக்குப் படிவம் 20 கொடுக்கும்போது கூடவே தயாரிப்பாளர் தரும் படிவம் 22 வேண்டும். நம் வாசலில் நாமே கட்டிவிட்டு நமக்கு நாமே எழுதிக்கொள்கிற சான்று அது இல்லை. ஆகவே நான் எல்லோருக்கும் சொல்லும் வழி இதுதான்: புனேயில் இருக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மாடலாக, வெறும் சேசிஸ் (அதாவது அடிச்சட்டம்), அச்சு, விளக்கு வரைக்கும் ட்ரெய்லர் கம்பெனியிடம் வாங்குங்கள், மேலே வருகிற பெட்டி, சமையல், மின்சாரம் எல்லாம் வீட்டில் கட்டுங்கள். மேல்கட்டின் நீள அகலமும் மொத்த எடையும் எந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்று ஆர்.டி.ஓ.விலும் கம்பெனியிலும் எழுத்தில் வாங்கிக்கொண்டு அதற்குள் நில்லுங்கள். நம் வாகன வகைப்பாட்டில் மொத்த எடை 750 கிலோ வரைக்கும் டி1, அதற்கு மேல் 3,500 கிலோ வரைக்கும் டி2. ஒரு குடும்பம் தூங்கிச் சமைத்துச் சாப்பிட டி1 தாராளமாகப் போதும். பதிவில்லாத ட்ரெய்லர் இன்னொருவர் மேல் மோதினால் இன்சூரன்ஸ் கை கொடுக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

அடுத்து உங்கள் வண்டி. கையேட்டை எடுத்து இழுவை அனுமதி எவ்வளவு என்று பாருங்கள், பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஒரு எண்ணும் பிரேக் இல்லாததற்கு ஒரு எண்ணும் பெரும்பாலும் தனித்தனியாக இருக்கும். எஞ்சினில் எத்தனை குதிரைச் சக்தி என்பது வேறு, இது வேறு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, நம் ஊர்ப் பக்கம் எந்த வழியில் கிளம்பினாலும் எங்கேயோ ஒரு இறக்கம் காத்திருக்கும். சாம்ராஜநகர் தாண்டி திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பின்னால் 600 கிலோ தள்ளுகிறது என்று நினைத்துப் பாருங்கள். ஏற்றத்தை விட இறக்கம்தான் வண்டிக்குச் சோதனை. ஆகவே ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கட்டும், வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் வந்து அழுத்துகிற அழுத்தத்திலேயே தானாகப் பிடிக்கிற ஓவர்ரன் பிரேக் போதும், கூடவே கைபிரேக்.

இப்போது கணக்கு. கொக்கி மாட்டுகிற புள்ளியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளும் அங்கிருந்து எத்தனை மீட்டர், எத்தனை கிலோ என்று எழுதுங்கள். ஒரு உதாரணம்: அடிச்சட்டம் 110 கிலோ, 2.2 மீட்டரில். பெட்டி 160 கிலோ, 2.6இல். தண்ணீர் 60 கிலோ, 2.3இல். பின்பக்கச் சமையலும் ஃப்ரிட்ஜும் 80 கிலோ, 3.6இல். பேட்டரி 30 கிலோ, 1.5இல். கூடாரமும் மூட்டை முடிச்சும் 90 கிலோ, 2.6இல். சக்கரத்தையும் அச்சையும் விட்டுவிடலாம், அவை தங்கள் மேலேயே நிற்கின்றன. எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் 1,363, மொத்த எடை 530, வகுத்தால் எடையின் மையம் கொக்கியிலிருந்து 2.57 மீட்டரில் விழுகிறது. கொக்கியில் பத்து சதவீதம் எடை உட்கார வேண்டும் என்றால் இதை 0.9ஆல் வகுக்க வேண்டும், அச்சு 2.86 மீட்டரில். கொக்கியில் 53 கிலோ. கம்பெனியிடம் சேசிஸ் வாங்குகிறவர்களுக்கு அச்சு ஏற்கெனவே ஓரிடத்தில் இருக்கும். அப்போது கணக்கைத் திருப்பிப் போட்டு, சாமானை அதற்கேற்ப முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.

இதே ட்ரெய்லரில் தண்ணீர் தீர்ந்துபோனால் கொக்கி எடை 41 கிலோவாக இறங்கும், மொத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம், பரவாயில்லை. ஆனால் பார்க்க நன்றாக இருக்கிறது என்று ஸ்டெப்னியையும் இரண்டு கேனையும் பின் பம்பரில் மாட்டினீர்கள் என்றால், அதாவது 4.2 மீட்டரில் 60 கிலோ, கொக்கி எடை 25 கிலோவுக்கு வந்துவிடும், வெறும் நாலு சதவீதம். ஆட்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. படங்களில் பார்க்கிற ட்ரெய்லர்களின் பின்பக்கம் கனமான சாமான் தொங்குவதைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். ஸ்டெப்னி முன்பக்க இழுவைச் சட்டத்தின் மேல் இருக்கட்டும்.

அடிச்சட்டம் பற்றி. சேசிஸை வாங்கினாலும் எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த அளவு ட்ரெய்லருக்கு 100க்கு 50, மூன்று மி.மீ. தடிமன் செவ்வகக் குழாய் சரியாக இருக்கும், மீட்டருக்கு ஆறரை கிலோ சொச்சம். குறுக்குச் சட்டத்துக்கு 50க்கு 50 போதும். ஐ.எஸ். 4923 என்கிற இந்தியத் தர முத்திரை உள்ள குழாயா என்று கேளுங்கள். காயலான் கடைக் குழாயில் உள்ளே எவ்வளவு துரு தின்றிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, இழுவைச் சட்டத்துக்கு அது வேண்டவே வேண்டாம். முக்கோணமாக வருகிற அந்த இழுவைச் சட்டம் முன் குறுக்குச் சட்டத்தோடு முட்டி நிற்கக் கூடாது. அதற்கு அடியில் நுழைந்து கமான் பட்டையின் (லீஃப் ஸ்ப்ரிங்கின்) முன் தாங்கி வரைக்கும் ஓட வேண்டும். முட்டி நிற்கிற இடத்தில்தான் வளைவு விசை எல்லாம் சேரும், விரிசலும் அங்கேதான் வரும். அதே காரணத்துக்காக, அந்தக் குழாயின் மேல் முகத்திலும் கீழ் முகத்திலும் குறுக்காக வெல்டிங் ஓடக் கூடாது, நீளவாக்கில் பக்கவாட்டில்தான். பதிவான சேசிஸில் நீங்களாக எதையும் பற்றவைக்க வேண்டாம், பெட்டியைத் தாங்கிகளில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

பெட்டியின் எலும்புக்கூட்டை வீட்டில் பற்றவைக்கலாம். 6013 ராட், மெல்லிய குழாய்க்கு 2.5 மி.மீ. அளவு, ஒரு இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின், அதற்கென்று மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி.; ஹாலில் இருக்கிற ப்ளக்கில் சொருகி வேலை செய்யாதீர்கள். முதலில் எல்லா மூலையிலும் டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் அடித்து மூலமட்டம் வைத்துப் பார்த்து, பிறகு மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் ஒன்றா என்று டேப் பிடியுங்கள். ஒன்றாக இருந்தால்தான் முழு வெல்டிங், அதுவும் ஒரே பக்கமாக ஓட்டாமல் எதிரெதிர் மூலையாக மாறி மாறி, இல்லையென்றால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஜி.ஐ. குழாயாக இருந்தால் வெல்டிங் இடத்தில் துத்தநாகப் பூச்சைச் சுரண்டிவிடுங்கள், அந்த வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். 30க்கு 40 அடி சைட்டில் வீடுகள் சுவரோடு சுவராக இருக்கிற நம் தெருக்களில் கிரைண்டர் சத்தம் பெரிய தொந்தரவு, பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பகலில் மட்டும் செய்யுங்கள். தகடு வளைப்பதும் லேசர் வெட்டும் பீன்யா தொழிற்பேட்டையில் கொடுத்துவிடலாம், வீட்டில் அந்தச் சுத்தம் வராது.

சஸ்பென்ஷனில் என் பக்கம் கமான் பட்டைதான். உள்ளே இருக்கிற ரப்பரே ஸ்ப்ரிங்காக வேலை செய்கிற டார்ஷன் அச்சு மென்மையாக ஓடும், பராமரிப்பும் குறைவு, ஆனால் அது ஜவ்வாது மலையிலோ அஞ்செட்டி பக்கத்திலோ பழுதாகிவிட்டால் அங்கே ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது. பட்டை உடைந்தால் எந்த லாரிப் பட்டறையிலும் ஒரு அண்ணன் அரை நாளில் மாற்றிக் கொடுத்துவிடுவார். பட்டை உங்கள் எடைக்கு ஏற்றதா என்று பாருங்கள். ஒரு டன் தாங்குகிற பட்டையை 550 கிலோ ட்ரெய்லருக்குப் போட்டால் அது வளையாது, துள்ளும்; துள்ளத் துள்ள உள்ளே ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழன்று வரும். ஷாக் அப்சார்பர் கட்டாயம். சக்கரம், டயர், நட்டு போல்ட்டு எல்லாம் உங்கள் வண்டியில் இருப்பதே என்றால் ஸ்டெப்னி இரண்டுக்கும் பொது. உதாரணத்துக்கு மாருதி ஜிம்னி வைத்திருக்கிறவர் ஐந்து போல்ட் 139.7 மி.மீ. ஹப்பாகக் கேட்டு வாங்கினால் அதே 195/80 ஆர்15 டயரே இங்கேயும் ஓடும். இரண்டு சக்கரத்துக்கும் இடையிலான அகலமும் வண்டியோடு ஒத்துப்போகட்டும், மணலிலும் சேற்றிலும் வண்டியின் சக்கரம் போட்ட தடத்திலேயே பின்னால் வரும்.

கொக்கியில் சாதாரண 50 மி.மீ. குண்டு தார்ச் சாலைக்கு நல்லது. ஓடைக்கரையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து ட்ரெய்லர் எதிர்ப்பக்கம் சாயும்போது அதற்குச் சுழலும் அளவு போதாது, முழுச் சுற்று சுழல்கிற ஆஃப்ரோடு கப்ளிங் (இணைப்பு) தேவை. இரண்டு பாதுகாப்புச் சங்கிலியும் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காகப் போகட்டும், கப்ளிங் கழன்றாலும் சட்டத்தின் மூக்கு தரையில் குத்தாமல் அவை ஏந்திக்கொள்ளும்.

பெட்டிக்கு என்ன பலகை? எட்டுக்கு நாலு அடியில் 12 மி.மீ. பிளைவுட் ஒன்று கிட்டத்தட்ட 24 கிலோ, அதே அளவு 1.2 மி.மீ. இரும்புத் தகடு 28 கிலோ, 1.5 மி.மீ. அலுமினியம் 12 கிலோ. வெளிப்பக்கம் அலுமினியம், தரைக்கு மட்டும் ஐ.எஸ். 710 மரைன் பிளை, இதுதான் என் தேர்வு. மைசூரு ரோடு டிம்பர் யார்டு பக்கம் தேடினால் கிடைக்கும், வெட்டிய விளிம்புக்கு எல்லாம் எபாக்சி பூச மறக்காதீர்கள். அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும், நடுவில் பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட்டோ ரப்பர் டேப்போ வேண்டும்.

தூசிதான் பெரிய எதிரி. ஓடுகிற பெட்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து செம்மண் தூசி எல்லா இடுக்கிலும் உறிஞ்சப்படும், சமையல் கதவோ சரியாக அங்கேதான் இருக்கிறது. கதவைச் சுற்றி நல்ல இ.பி.டி.எம். ரப்பர் பீடிங், கதவை இறுக்கி அழுத்துகிற பூட்டு, அதோடு முன்பக்க மேல்மூலையில் ஃபில்டர் வைத்த ஒரு சின்னக் காற்றுத் துவாரம். வண்டி ஓடும்போது அது வழியாகக் காற்று நுழைந்து உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், தூசி வராது. கேஸ் சிலிண்டர் பெட்டிக்கு வெளியே தனி அறையில், அடியில் ஓட்டையோடு. எல்.பி.ஜி. காற்றை விடக் கனம், கசிந்தால் கீழேதான் இறங்கும்.

மின்சாரத்தை எளிமையாக வையுங்கள். 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட் மணி இருக்கிறது. 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் நாளொன்றுக்கு 30, 40 ஆம்பியர் மணி எடுக்கும், ஆக விளக்கோடு சேர்த்து இரண்டு நாள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ். வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக இழுக்காமல் நடுவில் டி.சி. டு டி.சி. சார்ஜர். ட்ரெய்லர் விளக்குக்கான ஏழு முள் சாக்கெட், வயர், வயர் முனையில் மாட்டுகிற லக் எல்லாம் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரே நடையில் முடிந்துவிடும். சட்டத்தில் வயர் நுழைகிற ஒவ்வொரு ஓட்டைக்கும் ரப்பர் க்ரோமெட் (வளையம்).

முடிந்ததும் முழுச் சாமானோடு எடை மேடைக்குக் கொண்டு போய் நிறுத்துங்கள். தாளில் போட்ட எடையை விட நிஜ எடை பெரும்பாலும் கூடுதலாகத்தான் வரும். கொக்கி எடைக்கு வீட்டில் ஆள் ஏறி நிற்கிற எடை மிஷினே போதும், கப்ளிங்குக்கு அடியில் சரியான உயரத்துக்கு ஒரு மரக்கட்டை வைத்து, ட்ரெய்லர் மட்டமாக நிற்கும்படி இறக்கிப் பாருங்கள். எண் சரியில்லை என்றால் சாமானை நகர்த்துங்கள், ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள்.

முதல் பயணம் கொல்லிமலையின் 70 வளைவுகள் வேண்டாம், கனகபுரா ரோடு போதும். ஊட்டி என்று கிளம்புகிறவர்கள் பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாரம் போடாதீர்கள். முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்தி வீல் நட்டு, கமான் பட்டையின் யு போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். ஹப்பின் பக்கத்தில் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே சூடா என்று. ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் அதிகமாக இறுகியிருக்கிறது அல்லது பிரேக் உரசுகிறது. ஓடையில் இறங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்தி ஹப்பை ஆற விடுங்கள், சூடான ஹப் தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், கிரீஸ் கெட்டுவிடும். இழுத்துக்கொண்டது போலத் தெரிந்தால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பேரிங்கைக் கழற்றிப் புது கிரீஸ் வையுங்கள்.