வயதான நாயை ஜெர்மனிக்கு அழைத்துச் செல்பவர்களுக்கு

பெற்றோர் வீட்டில் வளர்ந்த நாயை, வேலை கிடைத்து ஜெர்மனிக்குப் போகும்போது உடன் அழைத்துச் செல்ல விரும்புபவர்கள், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே, புறப்படும் நாளுக்கு ஆறு மாதம் இருக்கும்போது, கால்நடை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். வெறிநோய் தொடர்பாக ஐரோப்பிய ஒன்றியம் தளர்வு அளித்துள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை.

முதலில் நாயின் தோலுக்கடியில் 15 இலக்க அடையாள எண் கொண்ட மைக்ரோசிப், அதன் பிறகே வெறிநோய்த் தடுப்பூசி. இந்த வரிசை மாறக் கூடாது. எங்கள் நாய் மணிக்கு ஆண்டு தவறாமல் ஊசி போட்டிருந்தும், சிப்பைப் பிறகுதான் பொருத்தினோம் என்பதால் பழைய ஊசிகள் எவையும் கணக்கில் வரவில்லை. அதன் பதினோராம் வயதில் முதல் ஊசியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பாற்றல் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருந்தாக வேண்டும். பிறகு மூன்று மாதக் காத்திருப்பு. அது ரத்தம் எடுத்த நாளிலிருந்து தொடங்குகிறது, முடிவு வந்த நாளிலிருந்து அல்ல.

அந்த மூன்று மாதத்தை வீணாக்காதீர்கள். இதயத்தையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தாலோ, தனியே விட்டால் மூச்சிரைக்கப் பதறும் நாயாக இருந்தாலோ, அம்மா அப்பாவிடமே விட்டுச் செல்வதுதான் அதற்குச் செய்யும் நன்மை என்பது என் கருத்து. அழைத்துப் போவதென்று முடிவானால், நிமிர்ந்து நின்றால் தலை இடிக்காத, திரும்பிப் படுக்க இடமுள்ள கூண்டை வாங்கிக் கூடத்தில் கதவைத் திறந்து வையுங்கள். அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை உள்ளே விரித்து, சோற்றுத் தட்டையும் அங்கேயே வைத்தால், இரண்டு வாரத்தில் மதியத் தூக்கமும் அதற்குள்ளேதான். பயணத்தன்று தண்ணீர்க் கிண்ணத்தை உறையவைத்து மாட்டினால் ஏற்றி இறக்கும்போது சிந்தாது. தூக்க மருந்து மட்டும் வேண்டாம். வயதான நாய்க்கு அது ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் தாழ்த்திவிடக்கூடும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களைப் பல விமான நிறுவனங்கள் சரக்குப் பகுதியில் ஏற்றுவதில்லை என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் முதலில் போய், நாயை அப்பா பின்னர் கொண்டுவருவதாக இருந்தால், இரு பயணங்களுக்கும் இடையே ஐந்து நாளுக்கு மேல் போகக் கூடாது. போனால் வணிக இறக்குமதிக்கான கடுமையான விதிகள் பொருந்தும். அரசுக் கால்நடை மருத்துவர் கையெழுத்திடும் உடல்நலச் சான்றிதழ், கையெழுத்தான நாளிலிருந்து 10 நாளுக்கே செல்லும், அதற்குள் அங்கே நுழைவுச் சோதனை முடிய வேண்டும் என்பதால், அதைக் கடைசி வாரத்தில் வாங்குங்கள். எல்லாத் தாள்களையும் கைப்பையில் வையுங்கள்.

அங்கே போனதும் நகராட்சியில் நாய் வரிக்குப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன்பே, வீடு பார்க்கும்போது, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியைத் தவிர்த்துவிடுங்கள். மூட்டு வலியுள்ள நாயை ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டியிருக்கும்.