சூளைப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க என்ன செய்யலாம்?

நான் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு அம்மா. திருவள்ளூர் பக்கம் எங்கள் ஊர்ச் செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுமியை, மாற்றுச் சான்றிதழ் இல்லையென்று ஒரு பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

முதலில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துக் காட்டுங்கள். மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லாவிட்டாலும் மறுக்கக் கூடாது. அது 14ஆம் பிரிவு. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்வது 4ஆம் பிரிவு.

அப்புறம், குழுக் கூட்டத்தில் பேசுவதோடு விடாதீர்கள். தீர்மானமாகப் பதிவேட்டில் ஏற வேண்டும். ‘உதவ வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஒன்றும் நகராது. எத்தனை பிள்ளைகள், என்ன வயது, என்ன மொழி, பள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். நான் ஒரு ஞாயிறு முழுக்கக் குடிசை குடிசையாகப் போய்க் கணக்கெடுத்தேன், 11 பேர். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் மற்ற பெற்றோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அதே தீர்மானத்தை ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளிலும் வையுங்கள். நடக்கவில்லையா? திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

வேலை முடிந்து குடும்பம் ஊர் திரும்பும்போது பிள்ளையின் கையில் மாற்றுச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.