ரோம் துறைமுகம் படிக்கணும்னா பானை ஓட்டுல ஆரம்பிங்க

கீழடியப் பாத்துட்டு வர்ற பிள்ளைங்க நிறைய பேரு, அண்ணே ரோமானியத் துறைமுகம் பத்தி ஆராய்ச்சி பண்ணணும், எங்க ஆரம்பிக்கன்னு கேக்குறாங்க. நான் சொல்றது ஒண்ணுதான், ஓட்டுல ஆரம்பிங்க.

சைமன் கீன்னு ஒரு பிரிட்டிஷ் அறிஞர், 2021ல காலமாயிட்டாரு. ரோமுக்குப் பக்கத்துல போர்ட்டஸ்ங்கிற துறைமுகத்த பல வருஷம் ஆராய்ஞ்சவரு. அங்க ரோமப் பேரரசர் ட்ராஜன் வெட்டுன ஆறு மூலைக் குளம் ஒவ்வொரு பக்கமும் 350 மீட்டருக்கு மேல, அவ்வளவு பெரிய இடத்தத் தோண்டாமலே மண்ணோட காந்த வேறுபாட்ட அளக்குற மேக்னட்டோமீட்டர வச்சு நடந்து நடந்து மண்ணுக்குள்ள இருந்த சுவரயெல்லாம் மேப்பா எடுத்தாங்க. ஆனா அவரு டாக்டர் பட்டத்துக்குப் படிச்சது என்னன்னா ஆம்போரா, அதாவது ஒயினு, எண்ணெய் ஏத்துன ரெட்டக்கைப்பிடி ஜாடி.

ஏன்னா ஓடுதான் ஊரச் சொல்லும். இத்தாலியில கம்பேனியா பக்கத்து ஆம்போராவோட மண்ணுல எரிமலைக் கருமணல் புள்ளிபுள்ளியா தெரியும், ஒரு தடவை பாத்துட்டா மறக்காது. அதே சமயம் அவசரப்படக் கூடாது, 1945ல புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டத் தோண்டுன பிரிட்டிஷ் அறிஞர் வீலர், ரவுலட்டட்ங்கிற, உருளையால புள்ளிக்கோலம் பதிச்ச ஓட்ட வெளிநாட்டுச் சரக்குன்னு நெனச்சாரு, பின்னாடி மண்ண சோதிச்சுப் பாத்தா அது நம்ம நாட்டுல செஞ்சது.

இப்ப வீட்டுல பண்ற வேலை. ஒடஞ்ச மண்சட்டி வாய்ப்பக்கத் துண்டு ஒண்ணு எடுத்துக்கங்க. காம்பஸ வச்சு பேப்பர்ல ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில வட்டத்துக்குள்ள வட்டமா போடுங்க, ஓட்டக் கவுத்து வச்சு எந்த வட்டத்தோட வளைவு ஒட்டுதோ அந்த வட்டத்தோட குறுக்களவுதான் முழுச்சட்டியோட வாய் அகலம். அப்புறம் நடுக்கோடு போட்டு ஒரு பக்கம் வெட்டுத்தோற்றம், மறுபக்கம் வெளித்தோற்றம் வரைங்க. இருபது முப்பது வரைஞ்சா கை தானா படியும். ஆனா பழைய ஊரு பொதைஞ்ச மேட்டுல கெடக்குற ஓட்டப் பையில போட்டுட்டு மட்டும் வந்துராதீங்க, எந்த இடம் எந்த ஆழம்னு தெரியாமப் போச்சுன்னா அப்புறம் அது எதையும் சொல்லாது, எனக்கு மனசு வலிக்கும்.

படிப்புக்கு டிகிரில வரலாறு எடுத்துட்டு, மேல தொல்லியல் படிக்க தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகமோ சென்னைப் பல்கலைக்கழகமோ பூனா டெக்கான் காலேஜோ பாருங்க. கொஞ்சம் லத்தீன், தோண்டுன ரிப்போர்ட் படிக்க இத்தாலியன், மேப்புக்கு க்யூஜிஐஎஸ்ங்கிற சாஃப்ட்வேர், அது ஃப்ரீதான். பழைய தமிழ் எழுத்தான தமிழ் பிராமிய விட்டுராதீங்க, மதுரை பக்கத்து மாங்குளம் மலைல ஏறி நின்னு பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பேர எழுத்துக் கூட்டிப் படிங்க, எகிப்துல பெரனிகே, குசெய்ர் அல் காதிம் துறைமுகங்கள்ல கெடைச்ச ஓட்டுலயும் இதே எழுத்துதான் இருக்கு, அத வெளிநாட்டு ஆளுகள விட நம்ம பிள்ளைக வேகமா படிச்சிருவாங்க.

அப்புறம் ஒரு நாள் ராமநாதபுரம் பஸ் ஏறி அழகன்குளம் போங்க. வைகை கடல்ல சேர்ற எடம், ரோமானியக் காசு, ஆம்போரா, கப்பல் கீறுன ஓடு எல்லாம் கெடைச்ச ஊரு. ஆத்துக்கும் கடலுக்கும் நடுவுல மேடு எங்க இருக்கு, கப்பல் எங்க நின்னிருக்கும்னு நோட்டுல ஒரு படம் போட்டுட்டு வாங்க.